எரிபொருள் மட்ட உணரியின் பழுதைக் கண்டறிதல்

எரிபொருள் மட்ட உணரி என்பது வாகனத் தொட்டியில் உள்ள பெட்ரோல் அல்லது டீசலின் மட்டத்தை அறிந்து, ஓட்டுநர் முன்னுள்ள எரிபொருள் காட்டிக்கு மின் குறிப்பாக அனுப்பும் கருவி ஆகும். பட்டறைகளில் இதனை டேங்க் யூனிட் என்பர். காட்டி தவறாகக் காட்டினால் உணரிதான் பழுது என்று உடனே முடிவு செய்ய இயலாது. காட்டி, மின்கம்பி, எர்த் இணைப்பு, உணரி ஆகிய நான்கில் எதில் குறை இருந்தாலும் அறிகுறி ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். பல கார்களில் உணரி எரிபொருள் பம்புடன் ஒரே தொகுப்பாக வருவதால், சோதிக்காமல் மாற்றுவது வீண் செலவாகும்.

இயங்கும் முறை

பெரும்பாலான வாகனங்களில் மிதவை வகை உணரியே உள்ளது. எரிபொருளின் மட்டம் மாறும்போது மிதவை ஏறி இறங்கும். அதனுடன் இணைந்த தொடுமுனை ஒரு மின்தடைத் தடத்தின் மீது நகர்வதால் தடையின் அளவு மாறுகிறது. அமெரிக்காவில் பரவலான ஒரு வகையில் தொட்டி காலியானால் 240 ஓம், நிறைந்தால் 33 ஓம் இருக்கும். ஐரோப்பிய வகை ஒன்றில் இது தலைகீழாக, காலிக்கு 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம் ஆகும். எனவே வாகனத்திற்குரிய அளவைப் பழுதுநீக்கக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறிகளும் காரணங்களும்

• முள் ஒரே இடத்தில் நிற்றல்: கம்பி அறுந்திருக்கலாம், குறுக்குச்சுற்று ஏற்பட்டிருக்கலாம் அல்லது மிதவையின் கை சிக்கியிருக்கலாம்.
• நிரப்பிய பின்னும் காலி எனக் காட்டுதல்: மிதவைக்குள் எரிபொருள் புகுந்து அது மூழ்கியிருக்கலாம்.
• குறிப்பிட்ட மட்டத்தில் மட்டும் முள் துள்ளுதல்: தடம் அந்த இடத்தில் தேய்ந்திருக்கலாம்.

எரிபொருளின் தரமும் ஒரு காரணமாகலாம். 2004 மே மாதத்தில் அமெரிக்காவின் லூசியானா, புளோரிடா மாநிலங்களில் விற்பனையான பெட்ரோலில் இருந்த கந்தகம், உணரிகளின் வெள்ளித் தொடுமுனைகளை அரித்ததால் பல வாகனங்களில் எரிபொருள் காட்டிகள் பழுதாயின.

கண்டறியும் படிகள்

1. மற்ற காட்டிகளும் இயங்கவில்லை எனில் முதலில் ஃபியூஸையும் மின் வழங்கலையும் சோதிக்க வேண்டும்.
2. ஸ்கேனர் கருவியில் பிழைக் குறியீட்டைப் பார்க்கலாம். பி0462 உணரிச் சுற்றில் மின்னழுத்தம் குறைவு என்பதையும், பி0463 அது மிகுதி என்பதையும், பி0464 விட்டுவிட்டு வரும் குறையையும் குறிக்கும். இவை சுற்றில் குறை உள்ளது என்று மட்டுமே சொல்லும். உணரிதான் பழுது என்று உறுதிசெய்யா.
3. இணைப்பியில் துரு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். சாவியை அணைத்துவிட்டு, எர்த் கம்பிக்கும் வாகன உடலுக்கும் இடையே அளந்தால் தடை ஏறத்தாழ சுழியமாக இருக்க வேண்டும்.
4. முள் வகைக் காட்டியாயின், உணரியின் இணைப்பியைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்க்கலாம். 240–33 ஓம் வகையில் முள் காலிக்குச் செல்ல வேண்டும். காட்டிக்குச் செல்லும் கம்பியை எர்த்தில் தொட்டால் நிறைவுக்குச் செல்ல வேண்டும். அவ்வாறு அசைந்தால் காட்டியும் கம்பியும் நலமே. குறை உணரியிலோ அதன் எர்த்திலோ உள்ளது. அசையாவிடில் தொட்டியைத் திறக்கத் தேவையில்லை. கணினி வழி இயங்கும் புதிய வாகனங்களில் கையேடு கூறாமல் இச்சோதனையைச் செய்யக்கூடாது.
5. இறுதியாக, வெளியே எடுத்த உணரியின் மிதவையை மெதுவாக உயர்த்தி மல்டிமீட்டரில் தடையை அளக்க வேண்டும். அளவு சீராக மாறாமல் தாவினாலோ இடையில் அறுபட்டாலோ உணரி பழுதானது உறுதி.

பாதுகாப்பு

எரிபொருள் குறைந்த தொட்டியிலும் எளிதில் தீப்பற்றும் ஆவி நிறைந்திருக்கும். எனவே தொட்டியைத் திறக்கும் முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, நெருப்பும் தீப்பொறியும் இல்லாத காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும்.

பழுதைச் சரிசெய்யும் வரை, தொட்டியை நிரப்பியதிலிருந்து ஓடிய கிலோமீட்டரைக் கணக்கிட்டு, பாதி தீரும் முன்பே மீண்டும் நிரப்புவது நல்லது. தொட்டிக்குள் உள்ள மின்பம்பு எரிபொருளாலேயே குளிர்கிறது. தொட்டி வற்றினால் வண்டி வழியில் நிற்பதோடு பம்பும் கெடக்கூடும்.