முயலின் புல்லில் பூச்சியா? மருந்துக் குப்பியைக் கீழே வையுங்கள்!

முயலுக்குத் தீனி போடப் புல் பையைத் திறக்கிறீர்கள். உள்ளே ஊசிமுனை அளவில் வெளிர்நிறப் புள்ளிகள் சில ஓடுகின்றன. உற்றுப் பார்த்தால், அத்தனையும் பூச்சிகள்! உடனே கரப்பான் மருந்தைத் தேடுகிறீர்களா? சற்றுப் பொறுங்கள். அந்தப் பூச்சிகளைவிட அந்த மருந்துதான் உங்கள் முயலுக்கு ஆபத்து.

அதற்காகப் புல் போடுவதையே நிறுத்திவிடவும் கூடாது. முயலின் உணவில் 80 விழுக்காட்டுக்கும் மேல் புல்லாக இருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் வளரும் அதன் பற்கள், நார் நிறைந்த புல்லை மெல்லும்போதுதான் தேய்ந்து அளவாக இருக்கும். குடல் இயங்குவதற்கும் அந்த நார் தேவை. அரைநாள் சாப்பிடாமல் இருந்தாலே முயலின் குடல் இயக்கம் நின்று, உயிருக்கே ஆபத்தாகலாம்.

யார் இந்த விருந்தாளி?

பெரும்பாலும் அது புத்தகப்பேனாக இருக்கும். பெயரில்தான் பேன், அது கடிக்காது, இரத்தமும் குடிக்காது. நீளம் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். நம் கண்ணுக்கு எளிதில் தெரியாத பூஞ்சணமே அதற்குப் பிடித்த உணவு. காற்றில் உள்ள நீராவியை உடலுக்குள் இழுத்துக்கொள்ளும் திறனும் அதற்கு உண்டு. காற்று நன்கு வறண்டுவிட்டால் அதன் உடலும் வறண்டு, அது இறந்துபோகும்.

சிங்கப்பூரின் சராசரி ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 82 விழுக்காடு. நாம் வாங்கும் திமோதி புல்லோ அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் போன்ற இடங்களில் நன்கு காயவைக்கப்பட்டு வருவது. பையைத் திறந்தபடி விட்டால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் வந்தால் பூஞ்சணம் வரும்; பூஞ்சணம் வந்தால் புத்தகப்பேன் வரும். ஆக, அந்தப் பூச்சி உங்களுக்கு ஓர் எச்சரிக்கை: ‘புல்லில் ஈரம் ஏறுகிறது!’

என்ன செய்யலாம்?

முதலில் புல்லைச் சோதித்துப் பாருங்கள். மக்கிய வாடை வீசினாலோ, சாம்பல் அல்லது கறுப்புத் திட்டுகள் தெரிந்தாலோ, பை முழுவதையும் எறிந்துவிடுங்கள். பூஞ்சணத்தின் வித்துகள் குளிரையும் தாங்கிக்கொள்ளும்.

புல் நல்ல மணத்துடன் இருந்தால் அதை உதறிச் சிறு பைகளில் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் -18 டிகிரி செல்சியசில் ஒரு வாரம் வையுங்கள். பூச்சிகளும் முட்டைகளும் இறந்துவிடும். ஏன் ஒரு வாரம்? புல்லுக்கிடையே அடைபட்டிருக்கும் காற்று, குளிர் நடுப்பகுதிவரை செல்வதைத் தாமதப்படுத்தும்.

வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஐஸ் தண்ணீர் உள்ள குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த புல்லும் அப்படியே நனைந்துவிடும்! பை அறை வெப்பநிலைக்கு வந்தபின் திறங்கள்.

இனிமேல் சிறிய பைகளாக வாங்கி, மூடியுள்ள பெட்டியில், தரையில் படாமல் வையுங்கள். பூச்சிமருந்தும் அந்துருண்டையும் அதன் அருகே வேண்டாம். முயல் உடலைச் சொறிந்துகொண்டே இருந்தாலோ, பொடுகு உதிர்ந்தாலோ, அது வேறு பூச்சியின் வேலையாக இருக்கலாம். அப்போதும் நாய், பூனைக்கான மருந்தைத் தடவாதீர்கள். அவற்றில் சிலவற்றில் உள்ள ஃபிப்ரோனில் முயலைக் கொல்லக்கூடும். கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

செய்து பாருங்கள்

புதிதாகப் பிரித்த பையிலிருந்து 100 கிராம் புல்லை ஒரு தட்டில் திறந்தும், இன்னொரு 100 கிராமை இறுக மூடிய பெட்டியிலும் வையுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டையும் எடை போடுங்கள். தட்டில் உள்ள புல்லின் எடை கூடியிருக்கிறதா? கூடிய அந்த எடை எங்கிருந்து வந்தது என்பதை உங்கள் முயலுக்கு நீங்களே விளக்கிச் சொல்லலாம்!