கார் கொட்டகையில் ஒரு தோட்டாப் பட்டறை

அமெரிக்காவில் ஒரு வீட்டுக்காரர் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கார் கொட்டகைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டால், சீட்டுக் கச்சேரிக்குத்தான் போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டா செய்யப் போயிருக்கலாம்! துப்பாக்கியில் போட்டுச் சுடுகிற அசல் தோட்டாதான். நம் தேசத்தில் லைசென்ஸ் இல்லாமல் அந்தக் காரியத்தில் இறங்கினால் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் சும்மா விடாது. அங்கேயோ, சொந்த உபயோகத்துக்கு மட்டும் செய்துகொள்வதற்கு மத்திய சர்க்காரின் லைசென்ஸ் வேண்டியதில்லை. விற்பனை செய்தால்தான் வேண்டும்.

கடையில் கிடைப்பதை வாங்கிக்கொள்ளாமல் இதென்ன வேண்டாத வேலை என்கிறீர்களா? நம் வீட்டு மிளகாய்ப் பொடிக்குச் சொல்லும் காரணங்கள்தான். சிக்கனம் ஒன்று, கைப்பக்குவம் ஒன்று. 2020-ல் தொற்றுநோய்க் காலத்தில் கடைகளில் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்ததே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தோட்டாவில் நாலு சாமான்கள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பதியும் பிரைமர் (தீபாவளிக் கேப்புக்கு அண்ணன் என்று வையுங்கள்), உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. சுட்ட பிறகு மற்ற மூன்றும் போய்விடும், கூடு மிஞ்சும். ஆனால் வெடித்த வேகத்தில் அது சற்றே பருத்திருக்கும். அதை இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரவும், செத்த பிரைமரைத் தள்ளிப் புதியதைப் பதிக்கவும், கடைசியில் குண்டைச் செருகவும்தான் ‘பிரஸ்’ என்னும் அழுத்து யந்திரம்.

நம் முறுக்கு நாழி மாதிரியேதான். நாழி ஒன்று, தேன்குழலுக்கு ஓர் அச்சு, ஓமப்பொடிக்கு வேறு அச்சு. இங்கேயும் அச்சுக்கள்தான் மாறும். பெரும்பாலான கம்பெனிகளின் அச்சுக்கள் ஒரே மரையில் திருகுகின்றன: முக்கால் அங்குலத்துக்குச் சற்று கூடுதலாக, 7/8 அங்குலக் குறுக்களவு, அங்குலத்துக்கு 14 மரை. ஆகையால் தாத்தா வாங்கின வார்ப்பிரும்பு பிரஸ்ஸில் பேரன் நேற்று வாங்கின அச்சைத் திருகலாம்.

பிரஸ்களில் மூன்று ஜாதி. ஒரு சமயத்தில் ஓர் அச்சு மட்டும் ஏற்கும் ஒற்றை நிலை பிரஸ் மூத்தது. கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊரில் ஃபிரெட் ஹண்டிங்டன் என்பவர் 1943-ல் ஆரம்பித்த ஆர்.ஸி.பி.எஸ். கம்பெனியின் ‘ராக் சக்கர்’ இந்த ஜாதியில் பெயர் பெற்றது. ‘ராக் சக்’ என்பது பாறைகளில் வாழும் ஒரு கொழுத்த அணில் இனம்! இரண்டாவது, பல அச்சுக்களைத் தலையில் தாங்கிச் சுழலும் பிரஸ். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுமாரான வேகம், சுமாரான விலை. மூன்றாவதுதான் ஆளை மயக்குவது. வரிசையாகக் கூடுகள் நிற்க, கைப்பிடியை ஒரு தரம் இழுத்தால் ஒரு தோட்டா விழும். மணிக்கு நூற்றுக்கணக்கில் விழும். அரிஸோனாவின் டில்லன் கம்பெனி இதில் கெட்டிக்காரர்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறவர் எதை வாங்குவது? வேகமானதைத்தான் மனசு கேட்கும். ஆனால் முதல் பிரஸ் ஒற்றை நிலையாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி. காரணம் மருந்து.

மருந்தை ‘கிரெயின்’ கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு கிரெயின் நம் குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. கைத்துப்பாக்கி மருந்துகளில் பல, கூட்டில் பாதிகூட நிரம்பாது. ஞாபகப் பிசகாக இரண்டாம் தடவை போட்டாலும் பொங்கி வழியாது, அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும். சுடும்போது துப்பாக்கி வெடித்துக் கையையும் கண்ணையும் பதம் பார்க்கும். மருந்தே போடாமல் விட்டாலும் ஆபத்துதான். பிரைமரின் பலத்தில் மட்டும் குண்டு கிளம்பிக் குழலின் நடுவில் சிக்கிக்கொள்ளும்; தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கலாம்.

ஒற்றை நிலையில் ஐம்பது கூடுகளைக் குழிப்பலகையில் நிறுத்தி எல்லாவற்றிலும் மருந்து போட்டுவிட்டு, டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். பணியாரச் சட்டியில் ஒரு குழியில் மட்டும் மாவு ஏறியிருந்தால் உங்கள் கண்ணுக்குத் தப்புமா? வேக யந்திரத்தில் இந்தச் சௌகரியம் கிடையாது. டில்லன் 550-ல் தட்டைக் கையால்தான் திருப்ப வேண்டும். நடுவில் குழந்தை கூப்பிட்டது, எழுந்து போனார், திரும்பி வந்து தட்டைத் திருப்பாமல் கைப்பிடியை இழுத்தார் என்றால் அதே கூட்டில் மறுபடியும் மருந்து! மாதத்தில் ஆயிரக்கணக்கில் சுடும் பந்தயக்காரருக்கு வேகம் அவசியம், தொழிலும் பழகியிருக்கும். வருஷத்துக்கு இரண்டு தரம் மான் வேட்டைக்குப் போகிறவருக்கு எதற்கு?

எந்த பிரஸ்ஸானாலும் ஆடாத மேஜையில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். அளவுகளை அச்சிட்ட கைநூலைப் பார்த்தே போட வேண்டும், கண்திட்டம் உதவாது. மேஜைமேல் ஒரு வகை மருந்துக்கு மேல் வைக்கலாகாது.

மேஜை எங்கே என்பதில் வீட்டு அம்மாளுக்கும் ஒரு வார்த்தை உண்டு. சமையலறையிலும் சாப்பாட்டு மேஜையிலும் கூடவே கூடாது. பிரைமரில் ஈயச் சத்து இருக்கிறது. சுட்ட கூடுகளைத் துலக்கும்போது பறக்கும் தூசியிலும் அது கலந்திருக்கும். தவழ்கிற குழந்தைக்கு அது விஷம். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி கிளம்பும். ஈரத் துணியால் துடைப்பதே சரி. வேலை முடிந்ததும் ஐயா சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். போட்டிருந்த சட்டையைக் குழந்தைத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும்.