ஆயில் எஞ்சின் கொதிக்கிறதா? தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்



"எஞ்சின் பழசாயிடுச்சுங்க, ஒரு மணி நேரம் ஓடினாலே கொதிக்குது, வித்துடலாம்னு பார்க்கிறேன்." கிராமங்களுக்குப் போகும்போது அடிக்கடி என் காதில் விழும் பேச்சு இது. விற்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் நுழையும் இடம் முதல் வெளியேறும் இடம் வரை அதன் வழியைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

டீசல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர்தான் சுமந்து வெளியே கொண்டுபோக வேண்டும். நம் பம்புசெட்டுகளில் டெலிவரி குழாயிலிருந்து ஒரு சிறு குழாயைப் பிரித்து எஞ்சினின் ஜாக்கெட்டுக்குள் விடுகிறோம். லைனரைச் சுற்றி, ஹெட்டுக்குள் ஏறி, மேல் குழாய் வழியாக அது வாய்க்காலில் விழுகிறது. வசதியான ஏற்பாடு. ஆனால் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வெந்நீர் அண்டாவின் உட்புறம் வெள்ளையாகப் படிகிறதே, அதே பொருக்குதான் ஜாக்கெட்டிலும் படிகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து சூடுபட்டதும் பிரிந்து இரும்பில் ஒட்டிக்கொள்கிறது. இரும்போடு ஒப்பிட்டால் இந்தப் பொருக்கு வெப்பத்தைக் கடத்துவது மிக மிகக் குறைவு. ஆகவே வெளியே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே லைனர் தகிக்கும். கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கதிர் வாங்கும் சமயத்தில் இது நடந்தால் ரிப்பேர் செலவோடு விளைச்சலும் போச்சு.

கொதிக்கிற எஞ்சின் மேல் குடத்துத் தண்ணீரை ஊற்றுகிறார்களே, அது கூடவே கூடாது. ஹெட் வெடித்துவிடும். நிறுத்திவிட்டு, தானாக ஆறும்வரை விடுங்கள். ஆறியபின் பாருங்கள். வெளியேறும் தண்ணீர் நூலாக வந்ததா? குழாயிலோ வால்விலோ மண் அடைத்திருக்கும். கழற்றிக் குத்திவிட்டால் சரியாகும். தாராளமாக வந்தும் கொதித்ததா? பொருக்கைச் சந்தேகியுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஸ்டார்ட் செய்யாமல் ஃபிட்டரைக் கூப்பிடுங்கள்.

பொருக்கை எடுக்க மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு போதும். லிட்டருக்கு 50 கிராம் வீதம் வெந்நீரில் கரையுங்கள். கீழ்க்குழாயைக் கழற்றி மரக்கட்டையால் அடைத்து, மேல் வாய் வழியாக ஊற்றுங்கள். மேல் வாயை மூடாதீர்கள். நுரைத்துக் காற்று வெளியேற வேண்டும். சில மணி நேரம் கழித்துத் திறந்து விட்டால் கலங்கலாக வரும். நுரைப்பது நிற்கும்வரை மறுபடியும் செய்யுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீர் விட்டு, நல்ல தண்ணீரில் நாலைந்து தடவை அலசுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றிச் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது பொருக்கோடு இரும்பையும் தின்னும்.

"இனிமே வால்வை முழுசாத் திறந்து ஜில்லுனு ஓட்டுறேங்க" என்பார்கள். அதுவும் தப்பு. எஞ்சின் ரொம்பக் குளிர்ந்து ஓடினால் டீசல் சரியாக எரியாது. வெண்புகை வரும், எரியாத டீசல் லைனர் சுவரில் வழிந்து ஆயிலைக் கெடுக்கும், எண்ணெய்ச் செலவும் கூடும். வெளியேறும் தண்ணீரில் விரலை வைத்தால் சட்டென்று எடுத்துக்கொள்ளும்படி, சுமார் 60 டிகிரி சென்டிகிரேடு சூடு இருக்கட்டும்.

உப்புக் கிணறு உள்ளவர்களுக்கு என் யோசனை, டிரம் வைப்பதுதான். 200 லிட்டர் டிரம்மை மேடை கட்டி வையுங்கள். அடியிலிருந்து ஒரு குழாய் எஞ்சினின் கீழ் வாய்க்கு. ஹெட்டிலிருந்து ஒரு குழாய் டிரம்மின் மேல் பகுதிக்கு. சூடான தண்ணீர் இலேசாகி மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கி எஞ்சினுக்குள் வரும், பம்பு வேண்டியதில்லை. மேல் குழாய் எங்கும் தாழாமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். அதன் வாய் எப்போதும் தண்ணீருக்குள் முழுகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்று நின்றுவிடும். அரை அங்குலக் குழாய் போதாது, எஞ்சின் வாயின் அகலமே வேண்டும். 5 குதிரைத்திறன் எஞ்சினைப் பகல் பூராவும் ஓட்டுபவர்கள் இன்னொரு டிரம்மையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வாய்க்காலுக்குப் போகும் தண்ணீர் ஒவ்வொரு லிட்டரும் புதுச் சுண்ணாம்பைக் கொண்டுவந்து போடுகிறது. டிரம்மில் அதே தண்ணீர்தான் சுற்றுகிறது. இருந்த சுண்ணாம்பு படிந்து தீர்ந்ததும் மேலே படிய ஒன்றுமில்லை. ஆகவே டிரம் தண்ணீரை வாராவாரம் கொட்டி மாற்றாதீர்கள். ஆவியாகிக் குறைந்ததை மட்டும், கிடைத்தால் மழைத் தண்ணீரால், நிரப்பி வாருங்கள்.