முள்ளா, எண்ணா? டாஷ்போர்டில் ஓர் இயற்பியல் வழக்கு

கார்ப் பிரியர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் கூடிவிட்டால் விவாதத்துக்குப் பஞ்சமிராது. அவர்களிடையே அடிக்கடி எழும் வழக்கு ஒன்று டாஷ்போர்டைப் பற்றியது. "வேகத்தை முள் காட்டுவதே சிறப்பு" என்பார் ஒருவர். "எண்ணாகவே தெரிந்துவிட்டால் தொல்லையில்லையே!" என்பார் மற்றவர். இது வெறும் ரசனையைப் பற்றிய வழக்குதானா? இயற்பியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முதலில் முள் எப்படி நகர்கிறது? 1902-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ட்சே என்பவர் ஒரு வேகமானிக்குக் காப்புரிமை பெற்றார். பல பத்தாண்டுகள் உலகெங்கும் கார்களில் அந்த முறையே இருந்தது. கார் ஓடும்போது, கியர் பெட்டியிலிருந்து வரும் ஒரு கம்பி வேகமானிக்குள் இருக்கும் காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சூழ்ந்து, அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். முள் அந்தக் கிண்ணத்தோடு இணைந்தது.

அலுமினியத்தைக் காந்தம் இழுக்காதே என்கிறீர்களா? உண்மைதான். ஆனால் சுழலும் காந்தம் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. எந்த மாற்றத்தால் அவை பிறந்தனவோ, அந்த மாற்றத்தையே அவை எதிர்க்கும் என்பது லென்ஸ் விதி. இங்கே மாற்றம் என்பது, காந்தம் கிண்ணத்தை விட்டு முந்தி ஓடுவது. அதை எதிர்க்க வேண்டுமானால் கிண்ணமும் காந்தத்தின் பின்னே ஓட வேண்டும்! அப்படி ஓட முயலும் கிண்ணத்தை மெல்லிய சுருள்வில் ஒன்று தடுத்து நிறுத்துகிறது. வேகம் இரு மடங்கானால் திருப்பு விசையும் இரு மடங்காகும். முள்ளும் இரு மடங்கு திரும்பும். இக்காலக் கார்களில் மின்னணு உணர்வியும் சிறு மோட்டாரும் இந்த வேலையைச் செய்கின்றன.

இனி வழக்குக்கு வருவோம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 25 மீட்டர். ஓட்டுநர் 2 வினாடி கண்ணைத் தாழ்த்தினால், கார் 50 மீட்டர் தூரத்தை, அதாவது ஏறத்தாழ இரண்டரை கிரிக்கெட் பிட்ச் நீளத்தை, அவர் பாராமலே கடந்துவிடும். ஆகவே, எது அழகு என்பதைவிட எதைப் பார்க்கக் குறைந்த நேரம் போதும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

சரியான வேகத்தை அறிய எண் நல்லது. ஆனால் வேகம் கூடுகிறதா, குறைகிறதா, எவ்வளவு விரைவாக என்பதை முள்ளின் நகர்வே சொல்லிவிடும். பந்தய ஓட்டுநர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். எஞ்சினின் சுற்றுகளைக் காட்டும் டாக்கோமீட்டரை அவர்களில் பலர் சற்றே திருப்பிப் பொருத்துவதுண்டு. கியர் மாற்ற வேண்டிய நேரத்தில் முள் நேராக மேல்நோக்கி நிற்கும்; எண்ணைப் படிக்கவே வேண்டாம்! இன்றைய ஃபார்முலா ஒன் கார்களில் ஸ்டியரிங்கின் மேல் வரிசையாக எரியும் விளக்குகள் அதே வேலையைச் செய்கின்றன.

முள் வைத்தால் மட்டும் போதாது. அதன் இடமும் முக்கியம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959-இல் வெளிவந்த மினி காரில் வேகமானி டாஷ்போர்டின் நடுவே இருந்தது. ஸ்டியரிங் இடப்புறம் இருந்தாலும் வலப்புறம் இருந்தாலும் அதை மாற்ற வேண்டியதில்லை என்பது வசதி. ஆனால் ஓட்டுநர் சாய்வாகவே பார்க்க வேண்டும். முள்ளுக்கும் எண் தட்டுக்கும் இடையே சிறு இடைவெளி உண்டல்லவா? அதனால் இடமாறு தோற்றப் பிழை நேரும். ஆய்வகத்தில் அளவுகோலை நேர் மேலிருந்து பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

அண்மையில் பல கார்களில் பொத்தான்கள் மறைந்து தொடுதிரை வந்துவிட்டது. பொத்தானை விரல் தடவியே கண்டுபிடிக்கும். வழவழப்பான கண்ணாடியில் கண்ணின் துணை வேண்டும். கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் யூரோ என்காப் என்ற ஐரோப்பிய அமைப்பு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனி விசைகள் இருப்பதையும் 2026 முதல் மதிப்பீட்டில் கணக்கில் கொள்கிறது.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். வலுவான சிறு காந்தம் ஒன்றை அலுமினியக் குழாய் வழியே செங்குத்தாக விழவிடுங்கள். அதே அளவுள்ள காந்தமல்லாத உலோகத் துண்டையும் விழவிட்டு, இரண்டும் எடுக்கும் நேரத்தை ஒப்பிடுங்கள். காந்தம் ஏன் தயங்கித் தயங்கி இறங்குகிறது என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்!