காசோலை ஏன் இவ்வளவு விரைவாகத் திரும்புகிறது?

மாத்தளை மாவட்டத்துப் பல்லேகமவில் நெல் விற்ற விவசாயி, வியாபாரி தந்த காசோலையை வங்கியில் போடுகிறார். முன்பெல்லாம் அந்தத் தாளே கொழும்புவரை போய்வர வேண்டும், நாட்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் கணக்கில் காசு போட்டுச் சமாளித்த வியாபாரிகள் உண்டு.

2006 மே மாதம், இலங்கை வங்கிகளுக்கிடையே காசோலைகளைத் தீர்க்கும் லங்கா கிளியர் நிறுவனம் காசோலைப் படிம முறையைத் தொடங்கியது. இப்போது தாள் போட்ட வங்கியோடு நின்றுவிடும். அதன் படமும், அடியில் காந்த மையால் அச்சிட்ட காசோலை, வங்கி, கிளை, கணக்கு இலக்கங்களும் மின்வழியே போகும். மீதி போதாவிட்டால் மறுப்பும் அதே வழியில் வரும். பெரும்பாலும் அடுத்த வேலைநாளிலேயே முடிவு தெரிந்துவிடும்.

வியர்வை சிந்தியவர் வீணாகக் காத்திருக்காதது நல்ல மாற்றம்தான். காசோலை எழுதுபவர்களே, கணக்கில் பணம் இருப்பதைப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள்.