ஆட்டோவுக்கும் உண்டு பி.பி.!

நாற்பது வயசு ஆகிவிட்டால் ஆபீஸில் எல்லோரும் பி.பி. பற்றிப் பேச ஆரம்பித்து விடுகிறார்கள். ஊறுகாய் கட், அப்பளம் கட். ஆனால் அவர்களை தினமும் ஆபீஸில் கொண்டுபோய் இறக்குகிற வண்டிக்கும் பி.பி. ஏறும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பெட்ரோல் வண்டியை விடுங்கள் சார். நான் சொல்வது காஸ் வண்டி!

சாயங்காலம் உறையூர் சாலை ரோட்டில் நின்று பாருங்கள். (சாலை என்றாலும் ரோடு என்றாலும் ஒன்றுதான். திருச்சிக்காரர்கள் இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை.) வரிசையில் நிற்கிற ஆட்டோவில் ஒன்று பொசுக்கென்று அடங்கும். டிரைவர் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்வார். லேசாக காஸ் வாசனை வரும். "போன வாரந்தான் சார் ப்ளக் மாத்தினேன்" என்பார். பாவம், அந்த ப்ளக் ஒரு தப்பும் செய்திருக்காது.

இந்த பிரஷர் சமாச்சாரம் என்ன? சி.என்.ஜி. சிலிண்டரில் காஸை 200 பார் அளவுக்கு அடைக்கிறார்கள். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார்தான். நூறு மடங்கு! எல்.பி.ஜி. அவ்வளவு முரடு இல்லை. அது டேங்கில் திரவமாக இருக்கும். பிரஷர் வெயிலைப் பொறுத்தது. 40 டிகிரியில் ப்ரொப்பேன் மட்டும் என்றால் 12 பாரைத் தாண்டும். ப்யூட்டேன் மட்டும் என்றால் 3 பாருக்குள் அடங்கும். நமக்குக் கிடைப்பது இரண்டும் கலந்தது, அதனால் நடுவில் நிற்கும்.

இவ்வளவு பிரஷரையும் இன்ஜினால் தாங்க முடியாது. நடுவில் 'ரெடியூசர்' என்று ஒரு உருண்டை டப்பா இருக்கிறது. அதை பாங்க் கேஷியர் என்று வைத்துக் கொள்ளுங்கள். உள்ளே லட்ச லட்சமாக இருக்கும். நீங்கள் செக்கில் எழுதியதை மட்டும் எண்ணிக் கொடுப்பார். இன்ஜெக்டர் வைத்த கார்களில் 200 பாரை ஏறக்குறைய 2 பாராகக் குறைத்து அனுப்புவது இவர் வேலை. பழைய மாடல் கிட்டில் இன்ஜின் உறிஞ்சினால்தான் காஸ் வரும், உறிஞ்சாவிட்டால் வரக்கூடாது.

கேஷியர் கைதவறி அதிகமாக எண்ணிக் கொடுத்தால்? அதுதான் பி.பி.!

அறிகுறிகளைக் கவனியுங்கள். ஓடும்போது வண்டி நன்றாகவே இருக்கும். ஸ்லோவில் தடுமாறும், சிக்னலில் அடங்கும். டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் லேசில் கிளம்பாது. நின்ற நேரத்தில் கசிந்த காஸ் இன்ஜினுக்குள் போய் அடைந்திருக்கும். மைலேஜும் விழும். ஒரு பேச்சுக்கு, கிலோவுக்கு 25 கி.மீ. கொடுத்த வண்டி 20 கொடுத்தால், 100 கி.மீ. ஓட 4 கிலோ போதும் என்ற இடத்தில் 5 கிலோ. ஐந்து நாளைக்கு ஒரு நாள் டிரைவர் சும்மா ஓட்டுகிற கணக்கு. பி.காம். படிக்காதவருக்கும் வயிறு எரியும்.

பெரும்பாலும் கோளாறு ரெடியூசரின் வால்வு சீட்டில் இருக்கும். எல்.பி.ஜி.யோடு வரும் எண்ணெய்ப் பிசுக்கு, சி.என்.ஜி.யில் பம்ப் கம்ப்ரஸரிலிருந்து வரும் ஆயில், தூசி... ஏதாவது ஒன்று சீட்டில் உட்கார்ந்து கொண்டால் வால்வு முழுசாக மூடாது. வருஷக்கணக்கில் உழைத்த ரப்பர் டயாஃப்ரமும் விறைத்துப் போகும்.

நல்ல மெக்கானிக் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? ரெடியூசர் வெளியே விடும் பக்கம் ஒரு கேஜை மாட்டி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு முள்ளைப் பார்ப்பார். பிறகு ஆஃப் செய்வார். முள் லேசாக ஏறி நின்றுவிட்டால் சரி. நிற்காமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் சீட் கசிகிறது, சந்தேகமே வேண்டாம். பழைய கிட்டுக்கு கேஜ்கூட வேண்டாம். இன்ஜினை நிறுத்தி, காஸ் வால்வை மட்டும் திறந்து, வெளியே வரும் ஹோஸ் வாயில் சோப்புத் தண்ணியைப் பூசுவார். படலம் முட்டை விட்டால் கேஷியர் கையும் களவுமாக மாட்டினார்! (இதெல்லாம் வெட்டவெளியில் மெக்கானிக் செய்கிற வேலை. நீங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் ஆரம்பித்து விடாதீர்கள்.)

ரெடியூசரைக் கழற்றுவதற்கு முன்னால் கெட்டிக்காரர் இன்னொன்றையும் பார்ப்பார். இன்ஜெக்டர் வண்டிகளில் இன்ஜினின் வாக்குவம் ரெடியூசருக்குத் தெரிய ஒரு சாண் ரப்பர் குழாய் உண்டு. அது கழன்றிருந்தாலோ வெடித்திருந்தாலோ ரெடியூசர் ஏமாந்து, ஐடிலில் தேவைக்கு மேல் அனுப்பும். ஒரு சாண் குழாயில் முடிகிற காரியத்துக்கு முழு கிட்டையும் மாற்றிய புண்ணியவான்கள் உண்டு. கேஜே பொய் சொல்கிறதா என்று வேறு ஒரு கேஜ் வைத்துப் பார்ப்பதும் நல்லது.

எல்லோரும் செய்கிற வேலை வேறு.

"அண்ணே, ஸ்லோல நிக்க மாட்டேங்குது, கொஞ்சம் ஸ்க்ரூவத் திருப்பி விடுங்கண்ணே."

"திருப்புறேன் தம்பி. ஆனா சீட்டு கசிஞ்சா ஸ்க்ரூ என்னடா பண்ணும்? நாலு நாள்ல திரும்ப வருவே."

வருவார். அந்த நாலு நாளும் பின் சீட்டில் நீங்களும் நானும்தான் உட்கார்ந்திருப்போம்.

இதுவரை சொன்னது ரெடியூசருக்குப் பிறகு ஏறுகிற பிரஷர். டேங்கிலேயே ஏறினால் விஷயம் வேறு. எல்.பி.ஜி. டேங்கை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக்கூடாது. திரவம் சூட்டில் விரியும், அதற்கு இடம் வேண்டும். முழுசாக நிரப்பி கத்திரி வெயிலில் நிறுத்தினால் சேஃப்டி வால்வு 'உஸ்'ஸென்று கத்தும். முறையான பம்பில் பிடித்தால் டேங்கில் இருக்கிற தானியங்கி வால்வு 80-லேயே நிறுத்திவிடும். வீட்டு சிலிண்டரிலிருந்து சந்துக்குள் வைத்து ஏற்றுகிறவர்களிடம் அந்த உத்தரவாதம் கிடையாது. வண்டிக்கு எல்.பி.ஜி. போட 2000-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அனுமதி கொடுத்தார்கள். ஆனால் வீட்டு சிலிண்டர் காஸை வண்டிக்கு ஏற்றுவது இன்றைக்கும் குற்றம்தான்.

வாசனை வந்தால் ஒன்று ஞாபகம் வையுங்கள். சி.என்.ஜி. காற்றை விட லேசு, மேலே போய்விடும். எல்.பி.ஜி. கனம், தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். கூரையே இல்லாமல் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும் நம்ம உறையூர் வெக்காளியம்மனுக்குக் கவலை இல்லை. அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் எல்.பி.ஜி. கார் நிறுத்துகிறவர் கதை அப்படி இல்லை. வாசனை அடித்தால் லைட் ஸ்விட்சைத் தொடாமல், டேங்க் வால்வை மூடிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வர வேண்டியதுதான். சி.என்.ஜி. கார் வைத்திருப்பவர்கள் சிலிண்டரின் டெஸ்ட் தேதியையும் பார்த்து வையுங்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஹைட்ரோ டெஸ்ட் செய்தாக வேண்டும்.