நுவரெலியாவில் வாவிக்கு அப்பால்

சித்திரை விடுமுறை தொடங்கினால் வெள்ளவத்தையின் குறுக்கு வீதிகளில் விடியமுன்பே வான்கள் வந்து நிற்கும். சுவெட்டர், போர்வை, கட்டுச்சாதம், பிள்ளைகளுக்கு வாந்தி மாத்திரை. கொட்டாஞ்சேனையிலும் இதே காட்சிதான். அதே நாட்களில் புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் மலையக இளைஞர்களும் புது உடுப்புப் பைகளோடு ஹட்டன், நுவரெலியா பஸ்களுக்கு முண்டியடிப்பார்கள். இரு சாராரும் ஒரே மலைக்குத்தான் போகிறார்கள். ஒருவர் சுற்றுலாவுக்கு, மற்றவர் வீட்டுக்கு.

கொழும்பிலிருந்து போகும் குடும்பங்களின் பயணம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் அமைகிறது. 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் அமைக்கப்பட்ட கிரகரி வாவியில் படகு, விக்டோரியா பூங்காவில் படம், சீதா எலியவில் அம்மன் தரிசனம், ஹக்கல பூந்தோட்டம். வசந்தகால விழா நெரிசலில் இவற்றைப் பார்த்து முடிக்கவே இரண்டு நாள் போய்விடும். நகரத்திலிருந்து நடந்தோ ஓட்டோவிலோ போய்விடக்கூடிய தூரத்தில் உள்ள வேறு சில இடங்களைப் பற்றியது இந்தக் கட்டுரை.

முதலில் கால்வேஸ் லேண்ட். நகரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர், ஹாவாஎலிய பக்கம். 1938இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு 2006இல் தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. பரப்பு வெறும் 29 ஹெக்டேயர்தான். யானை, சிறுத்தை என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இங்கே பார்க்க வேண்டியவை மரங்களும் பறவைகளும். காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்றொரு சிட்டளவுப் பறவை உண்டு. கோடையில் காஷ்மீர்ப் பகுதி மலைக்காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இந்தியாவின் முழு நீளத்தையும் கடந்து நம் மலையகத்துக்கு வருகிறது. ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை இருக்கும். விக்டோரியா பூங்காவின் ஓடையோரத்திலும் இதைக் காணலாம். பூப்பாத்தி முன் நாம் படம் எடுக்கும்போது, வெளிநாட்டவர் சிலர் அழுக்கு வாய்க்கால் பக்கம் தொலைநோக்கியோடு நிற்பது இதற்காகத்தான். காலை 7 மணிக்கு முன் போனால் நல்லது.

அடுத்தது ஒற்றை மரத்து மலை. நகரத்தின் மேற்குப் பக்கம், 2,000 மீற்றருக்கும் மேல். ஹெடன் ஹில் வீதியால் ஏறித் தேயிலைக்குள்ளும் யூகலிப்டஸ் மரங்களுக்குள்ளும் நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் உச்சி. வானம் தெளிவாக இருந்தால் ஒரு பக்கம் பிதுருதலாகல, மறுபக்கம் தூரத்தில் சிவனொளிபாதமலை. நடக்க முடியாத பெரியவர்களை ஓட்டோவில் அருகே உள்ள சாந்திபுர கிராமத்துக்கு அழைத்துச் செல்லலாம். இலங்கையில் மிக உயரத்தில் உள்ள கிராமம் என்று அதைச் சொல்வார்கள். பத்து மணிக்குப் பிறகு பனிமூட்டம் எல்லாவற்றையும் மூடிவிடும் நாட்களே அதிகம்.

பிதுருதலாகல பற்றியும் சொல்ல வேண்டும். 2,524 மீற்றர், நாட்டின் மிக உயர்ந்த இடம். உச்சியில் தொலைக்காட்சிக் கோபுரமும் பாதுகாப்புப் படையினரின் நிலைகளும் உள்ளன. யுத்த காலத்தில் பொதுமக்களுக்கு மூடியிருந்தது. இப்போது அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்துவிட்டு வாகனத்தில் மட்டும் போகலாம். நடந்து ஏற அனுமதி இல்லை. பதிவும் சோதனையும் எங்களில் பலருக்கு என்ன நினைவைக் கொண்டுவரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. விடுமுறையில் போய் மீண்டும் காவலரண் முன் நிற்க வேண்டுமா என்று கேட்பவர்கள் இந்த இடத்தை விட்டுவிடலாம். ஒற்றை மரத்து மலையில் யாரும் எதுவும் கேட்பதில்லை.

எனக்கு மிகப் பிடித்தது பீட்ரு தோட்டத்துப் பக்கம். கந்தப்பளை வீதியில் 1885இல் தொடங்கப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. அதைச் சுற்றிப்பார்க்கப் பலர் போகிறார்கள். அங்கிருந்து தேயிலைக்குள்ளால் நடந்தால் வரும் லவர்ஸ் லீப் நீர்வீழ்ச்சிக்குச் செல்பவர்கள் குறைவு. பிதுருதலாகல சரிவிலிருந்து 30 மீற்றர் உயரத்தில் விழும் தண்ணீர். காதலர் இருவர் குதித்தார்கள் என்பது பெயர்க்காரணம். யார், எப்போது என்பதற்கு ஆளுக்கொரு கதை.

நீர்வீழ்ச்சியை விட அதற்குப் போகும் பாதைதான் முக்கியம். மலைச்சரிவில் சீராக வளைந்து செல்லும் இந்தப் பாதைகள் தாமாக உண்டானவை அல்ல. 1820களிலிருந்து கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்தவர்கள், வெட்டிய பாதைகள். கொழுந்து மூட்டையும் அரிசி மூட்டையும் இவற்றில்தான் போயின. அந்தப் பழைய பாதைகளை இணைத்து இப்போது பெக்கோ ட்ரெயில் என்ற நடைப்பயண வழி உருவாக்கப்பட்டுள்ளது. கண்டியில் தொடங்கி 300 கிலோமீற்றருக்கு மேல் 22 கட்டங்களாகச் சென்று நுவரெலியாவில் முடிகிறது. ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் கைபேசியில் வரைபடத்தோடு இவற்றில் நடக்கிறார்கள். கொழும்புத் தமிழர்களை அங்கே காண்பது அரிது.

ஏன் அரிது என்பதற்குக் குளிரும் அட்டையும் மட்டும் காரணமல்ல என்று நினைக்கிறேன். வெள்ளவத்தையில் இன்றும் சில வீடுகளில் தோட்டத்து மக்களைக் குறிக்கும் அந்த இழிசொல் சாதாரணமாக வந்து விழுகிறது. வடக்கிலும் கொழும்பிலும் வீட்டுவேலைக்கென்று பிள்ளைகளை அழைத்துவந்த இடமாகவே பலருக்குத் தோட்டம் தெரியும். அங்கே போய்ப் பார்க்க ஏதாவது இருக்கும் என்று தோன்றியதே இல்லை. 1977 வன்முறைக்குப் பிறகு இதே மலைகளிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் குடியேறின. 2009இல் முள்ளிவாய்க்கால்வரை நடந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

தோட்டப் பாதையில் நடக்கும்போது லயன் வீடுகளின் வாசலுக்கு மிக அருகால் போக நேரும். அது ஒருவரின் முற்றம். கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். கொழுந்து பறிப்பவர்களைக் கூடையோடு நிற்கச் சொல்லிப் படம் எடுத்துவிட்டு நூறு ரூபாய் நீட்டும் பழக்கமும் வேண்டாம். 2024இல்தான் அவர்களின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. சித்திரையில் நுவரெலியாவில் ஒரு இரவுக்கு நாம் கொடுக்கும் அறை வாடகையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்குள்ள சிறு கடையில் தேநீரும் ரொட்டியும் வாங்கிச் சாப்பிட்டு வழி கேட்டால், பெரும்பாலும் யாராவது கொஞ்ச தூரம் கூடவே வருவார்கள்.

பீட்ருவைத் தாண்டினால் கந்தப்பளை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு காலத்தில் குறுகிய ரயில் பாதை இருந்தது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டு 1940களில் கைவிடப்பட்டது. தண்டவாளம் இல்லை. ஆனால் மலையை வெட்டிய தடம் சில இடங்களில் இன்னும் தெரியும்.

காலநிலைதான் கவனிக்க வேண்டிய விடயம். ஜனவரி முதல் மார்ச் வரை நடப்பதற்கு ஏற்ற மாதங்கள். அறை வாடகையும் அப்போது குறைவு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் நுவரெலியா மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின. வீதிகளும் ரயில் பாதையும் உடைந்தன. மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் சரிவுப் பாதைகளில் இறங்கக் கூடாது. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும்.

வன்னியிலிருந்து உறவினரோ அயலவரோ கூட வருவதாக இருந்தால், அவர்களின் தாத்தா பாட்டி இருந்த தோட்டத்தின் பெயரையும் டிவிசன் பெயரையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வரைபடத்தில் ஆங்கிலப் பெயர்தான் இருக்கும். நுவரெலியா பஸ் நிலையத்தில் கந்தப்பளை, இராகலை பஸ்களின் நடத்துனர்களுக்குத் தமிழ்ப் பெயர் சொன்னாலே தெரியும்.